வாசல் வெளிச்சத்துல காட்டுங்க

எங்கம்மா ஜவுளிக்கடைக்குப் போனால் ஒரு சடங்கு உண்டு. பாயில் உட்கார்ந்து நாற்பது சேலையைப் பிரிக்க வைத்து, அதில் மூன்றை ஒதுக்கி, மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடை வாசலுக்கு நடந்துவிடுவார். கடையின் டியூப்லைட்டை அவர் நம்பியதே கிடையாது. வாசல் வெயிலில் ஒருதரம் விரித்துப் பார்ப்பார். முந்தியைத் திருப்பிப் பின்பக்க நூலைப் பார்ப்பார். கரையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். ஒரு முனையைக் கசக்கி விட்டுவிட்டு, மடிப்பு விழுந்து அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பார். கடைப்பையன் பின்னாலேயே காவலுக்கு வந்து நிற்பான். சின்ன வயதில் எனக்கு இது பெரிய மானக்கேடாக இருக்கும். "வாம்மா, பாக்கறாங்க" என்று சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

இன்றைக்கு நான் ஈரோட்டில் பொருள்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். சேலை, வேட்டி, போர்வை, எண்ணெய் பாட்டில், மஞ்சள் தூள் பாக்கெட், பித்தளை விளக்கு, முறுக்கு. என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "ப்ராடக்ட் போட்டோகிராபி" என்பேன். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்ப கல்யாணம் எடுக்க மாட்டீங்களா?"

அம்மா வாசலில் நின்று செய்த அந்த நாலு காரியத்தையும், ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலில் படுத்துப் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருத்தியால் செய்ய முடியாது. அவள் கைக்குப் பதிலாக என் படம் செய்ய வேண்டும். தொழில் இவ்வளவுதான். ஆனால் இது எனக்குப் புரிய இரண்டு வருஷமும் ஏழு சேலையும் பிடித்தது.

ஏழு சேலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் லைட் பிடிக்கும் பையனாக இருந்துவிட்டு, மாடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக உட்கார்ந்த புதிது. வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிற அக்கா ஒருவர் வந்தார். அதுவரை அவரே பீரோ கதவில் தொங்கவிட்டுப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் சேலையோடு பீரோ கைப்பிடியும், கண்ணாடியில் அவர் முழங்கையும் தெரியும். நான் மலிவாக இரண்டு எல்ஈடி பேனல் வாங்கி வைத்திருந்தேன். ஒரே டிசைனில் பதினொரு சேலை, வாடாமல்லிக் கலர். பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் லைட், படம் ஜம்மென்று வந்தது. பத்து நாளில் பதினொன்றும் விற்றுப்போனது. அடுத்த பத்து நாளில் ஏழு திரும்பி வந்தது.

"ஏந்தம்பி, எல்லாரும் ஒரே பேச்சுப் பேசறாங்க. கத்தரிப்பூக் கலர்னு நெனச்சுத்தான் வாங்கினாங்களாம்" என்றார் அக்கா. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

சேலையைக் கையில் வைத்துக்கொண்டு என் படத்தைப் பார்த்தேன். கத்தரிப்பூதான். என் கண் முன்னால் இருந்த வாடாமல்லியை அந்த இரண்டு பேனலும் சேர்ந்து தின்றிருந்தன. மலிவான எல்ஈடி விளக்குகளில் அடர் சிவப்புப் பகுதி ரொம்பக் குறைவு. வாடாமல்லி என்பது சிவப்பும் ஊதாவும் கலந்த கலர். சிவப்பைக் கொடுக்காத விளக்கின் கீழே வைத்தால் ஊதா மட்டும்தான் மிஞ்சும். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா அப்படிச் செய்யாது. அதில் நான் வேறு, பார்க்க நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் நீலத்தை ஏற்றியிருந்தேன்.

ஒரு சேலை திரும்பி வந்தால் நஷ்டம் கூரியர் காசோடு நிற்பதில்லை. ஒருதரம் மடிப்புக் கலைந்த பட்டை மறுபடி அதே மடிப்பில் வைக்க முடியாது. அடுத்து வாங்குகிறவர் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார், "இது பிரிச்ச சேலையாச்சே" என்று. அந்த ஏழையும் அக்கா விலை குறைத்துத்தான் தள்ளினார். நான் வாங்கின கூலி அந்த நஷ்டத்தில் கால்வாசிகூட வராது. நல்ல படம் வியாபாரத்தைக் கூட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். அழகான தப்புப் படமும் வியாபாரத்தைக் கூட்டும். பதினொன்றும் விற்றதே!

அந்தப் பேனல்களை ஒரு யூடியூப் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது ஃப்ளாஷ். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் படத்தில் 24 வண்ணக் கட்டம் உள்ள கலர் செக்கர் அட்டையைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பேன். அந்தக் கட்டங்கள் சரியான நிறத்துக்கு வந்தால் சேலையும் கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்கப்புறமும் சேலையைத் தூக்கிக்கொண்டு மாடி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து மானிட்டரைப் பார்ப்பேன். ஆமாம், அம்மா செய்ததையேதான்.

அப்படியும் முழுசாகத் தப்பிக்க முடியாது. பார்க்கிறவர் போனில் ராத்திரிக்கென்று மஞ்சள் திரை போட்டிருப்பார், இன்னொருவர் போனில் சிவப்பு தூக்கலாக இருக்கும். அதனால் கலர் பெயரைத் தமிழில் எழுதிப் போடச் சொல்வேன். 'பர்ப்பிள்' என்றால் பத்துப் பேருக்குப் பத்து நிறம். வாடாமல்லி என்றால் நம் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது, பூவைப் பார்த்திருக்கிறார்கள். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, ஒரு பாடகியின் சேலையால் பெயர் வந்த எம்.எஸ். புளூ. இந்தச் சொற்கள் செய்கிற வேலையை எந்த மானிட்டரும் செய்யாது.

மயில் கழுத்துக் கலர்தான் பெரிய சோதனை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். சேலை அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். அதைத் தட்டையாக விரித்து நேரே மேலிருந்து எடுத்தால் இரண்டும் கலந்து குட்டைத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம் விழும். விரிக்கக்கூடாது. கொசுவம் மாதிரி பெரிய மடிப்புகளாகப் போட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு லைட். மடிப்பின் ஒரு சரிவில் நீலம் தெரியும், மறு சரிவில் பச்சை தெரியும். சரிகைக்கு இன்னொரு வைத்தியம். அது உலோகம், எதிரில் இருப்பதைக் காட்டுகிற சின்னச் சின்னக் கண்ணாடி. நேராக ஃப்ளாஷ் அடித்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுக்கும், எதிரில் இருட்டாக இருந்தால் கறுத்துவிடும். சரிகைக்கு எதிரே பெரிய தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் அதன் வெள்ளையை வாங்கிக்கொண்டு பொன்னாகத் தெரியும். தெர்மாகோல் விலை என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இடையில் ஒன்று, வேட்டி எடுப்பவர்களுக்கு மட்டும். புது வெள்ளை வேட்டியில் வெளுப்பு கூட்டுகிற ரசாயனம் இருக்கும். ஃப்ளாஷில் உள்ள புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மினுங்கும். கல்யாண வேட்டி சொட்டு நீலத்தில் இன்னொரு முக்கு முக்கியது போல வரும். லைட்டைத் திட்டாதீர்கள். புற ஊதாவைத் தடுக்கிற பூச்சு உள்ள ஃப்ளாஷ் குழாய் கிடைக்கிறது.

கலர் ஒரு பக்கம் இருக்கட்டும், எடையை எப்படிப் படம் எடுப்பது? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் பவானியில் ஜமக்காளம் போடுகிற ஒரு பெரியவர். பேரன் வலுக்கட்டாயமாக அவரைக் கூட்டிவந்திருந்தான், ஆன்லைனில் விற்க வேண்டுமென்று. பவானி ஜமக்காளம் 2005-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆனால் இணையத்தில் ஜமக்காளம் என்று தேடினால் வருவது முக்கால்வாசி, கோடு போட்ட மெல்லிசு விரிப்புகள். படத்தில் எல்லாமே கோடுதான். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். எது எது என்று யாருக்குத் தெரியும்?

நான் எடுத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "கண்ணு, படத்துல பெட்ஷீட்டாட்டம் இருக்குது. இத தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

அன்றைக்கு முழுக்க அந்த ஒரே ஜமக்காளத்தோடு மல்லுக்கட்டினேன். மேலிருந்து விழுந்த லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஒரு லைட்டைத் தரைமட்டத்துக்கு இறக்கி, விரிப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைத்தேன். நூல் நூலாக முதுகு எழும்பியது, ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிழல். அடுத்து எட்டாக மடித்து அடுக்கி, மடிப்புப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி, ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தினேன். மடிப்பு உயரத்தில் தீப்பெட்டி தோற்றுப்போனது. கடைசிப் படத்துக்குப் பெரியவர் கையையே கேட்டேன். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். மெல்லிய துணியென்றால் தொங்கும். இது விறைத்துக்கொண்டு வளைந்து நின்றது. அவர் முன்கை நரம்பு புடைத்தது. அதுவும் படத்தில் வந்தது.

பேரன் பிற்பாடு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: "இவ்வளவு விலையா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிற ஆள்கள் குறைந்துவிட்டார்களாம். கேட்பவர்கள் இப்போது "என்ன சைஸ் இருக்குது?" என்று அடுத்த கேள்விக்குப் போகிறார்களாம். ஒரு படம் விலைக்குப் பதில் சொல்லிவிட்டால் விற்கிறவர் வாயால் சொல்ல வேண்டியது பாதி குறைகிறது. விலையைக் குறைக்காமல் விற்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மலிவான வழி இது.

சைஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பித்தளைக் குத்துவிளக்கு விற்கிறவர் ஒருவருக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை "இத்தனூண்டா இருக்கு" என்பதுதான். தப்பு அவருடையது இல்லை. பெரிய விற்பனைத் தளங்களில் முதல் படத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. அமேசானை எடுத்துக்கொண்டால், பின்னணி தூய வெள்ளையாக இருக்கணும், கணக்கில் சொன்னால் ஆர்ஜிபி 255, 255, 255. படத்தில் 85 சதவீதத்தைப் பொருள் அடைக்கணும். எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் கூடாது. பெரிதாக்கிப் பார்க்க 1000 பிக்சலாவது வேண்டும். வரிசையாகப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியட்டும் என்றுதான் அந்த விதி, நியாயமானதே. ஆனால் வெள்ளையில் மிதக்கிற எந்தப் பொருளுக்கும் உயரம் கிடையாது. நாலு அங்குல விளக்கும் நாலடி விளக்கும் அந்த 85 சதவீதத்தில் ஒரே உயரம்தான். கீழே 'உயரம் 4 அங்குலம்' என்று எழுதியிருந்தும் யாரும் படிப்பதில்லை. இரண்டாவது படத்தில் ஒரு பெண்ணின் கை திரி போடுவது போல வைத்தேன். கையைப் பார்த்ததும் விளக்கின் அளவு தெரிந்துவிடும். அந்தப் புகார் அதோடு நின்றது.

அந்த விளக்கை வெள்ளையில் எடுத்த கதை தனி. பளபளவென்று தேய்த்த பித்தளை, சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் காட்டும். கேமரா, முக்காலி, ஜன்னல், கட்டம் போட்ட சட்டையோடு நான், எல்லாம் தட்டிலும் தண்டிலும் வரிவரியாகத் தெரிந்தோம். தண்ணீரிலும் கண்ணாடியிலும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் சாதாரண வெளிச்சத்தில் உலோகத்திடம் பலிக்காது. அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து, விளக்கைச் சுற்றிக் கூடாரம் மாதிரி கட்டி, வெளியிலிருந்து லைட் அடித்து, லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு சந்து விட்டேன். இப்போது விளக்கில் வேட்டி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் விளக்கு செத்துப்போய் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது! எல்லாப் பக்கமும் வெள்ளை இருந்தால் உலோகத்துக்கு உருவமே இல்லை. கறுப்புச் சார்ட் பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்கி, வேட்டிக்கு உள்ளே இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். தண்டின் இரு ஓரத்திலும் மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு இறங்கியது. அப்போதுதான் அது உருண்டையாக, கனமாக, பித்தளையாக எழுந்து நின்றது. வேட்டியில் பட்ட எண்ணெய்க்கறை போகவில்லை. அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை.

செக்கு எண்ணெய்க்கு அந்தளவு பாடு இல்லை. பாட்டிலின் வடிவத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு வெள்ளித்தாள் அட்டையை நறுக்கிப் பாட்டிலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல நிறுத்த வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் அட்டை தெரியாது. பக்கத்து லைட் அதில் பட்டுத் திரும்பி எண்ணெய் வழியாக வரும். நல்லெண்ணெய் உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஆகிவிடும். அட்டை இல்லாவிட்டால் காபி டிகாஷன்தான். கடலை எண்ணெய்க்கு அட்டையைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தைக் குறைக்கணும், இல்லாவிட்டால் ரீஃபைண்ட் எண்ணெய் போல வெளுத்துவிடும். அப்புறம் செக்கில் ஆட்டியது என்று லேபிளில் போட்டு யார் நம்புவார்?

பொருளின் குணத்தைப் படத்தில் கொண்டுவருகிற இந்த வேலைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1922-ல் பால் அவுட்டர்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரருக்கு ஒரு சட்டைக் காலர் கம்பெனிக்குப் படம் எடுக்கிற வேலை வந்தது. அந்தக் காலத்தில் காலரைத் தனியாக வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். வெறும் காலர், வேறொன்றும் கிடையாது. மாடல் இல்லை, சட்டைகூட இல்லை. மனுஷன் என்ன செய்தார்? சதுரங்கப் பலகைக் கட்டங்களின் மேல் அதைச் சும்மா வைத்தார். கறுப்பும் வெள்ளையுமாக நேர்க்கோட்டுக் கட்டங்கள், அதன்மேல் ஒரே ஒரு வெள்ளை வளைவு. படம் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில் விளம்பரமாக வந்தது. மார்செல் துஷாம்ப் என்ற பெரிய ஓவியர் அதைப் பத்திரிகையிலிருந்து எடுத்துத் தன் அறைச் சுவரில் மாட்டிவைத்தார் என்று சொல்வார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வேறு: கஞ்சி போட்ட காலரின் விறைப்பு அதில் விரலுக்குத் தெரிகிறது. நம் திருப்பூரிலிருந்து இன்றைக்கு எத்தனையோ லட்சம் காலர் வைத்த பனியன்கள் போகின்றன. அவற்றில் பலவற்றின் படத்தில் காலர் துவண்டுபோய், வாடகைக்கு வந்தது போல உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு அட்டைத் துண்டு செருகினால் தீர்ந்தது.

"செருகலாமா? அது ஏமாத்து இல்லையா?" என்று என்னிடம் வேலை கற்கிற பையன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சூப் கதையைச் சொன்னேன். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் கேம்பெல் சூப் விளம்பரம் எடுத்தவர்கள், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு அதன்மேல் சூப்பை ஊற்றினார்கள். காய்த் துண்டுகள் அடியில் முங்காமல் மேலே நின்றன. பார்த்தால் கிண்ணம் முழுக்கக் காய். விவகாரம் அந்த நாட்டு வர்த்தகக் கமிஷன்வரை போய், 1970-ல் இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, சூப்பில் காய் இருந்தது உண்மைதான், படத்தில் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆனால் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்க்கிறவருக்கு அந்த அளவு காய் அகப்படாது. காலர் அட்டை அப்படி இல்லை. சட்டையைப் போட்டால் கழுத்து அந்த வேலையைச் செய்யும்.

இப்போது நம் ஊரிலும் இதெல்லாம் வாய்ப்பேச்சு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய மாதிரி பொருள் இல்லாவிட்டால் திருப்பி எடுக்கமாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் முடியாது. என் ஏழு சேலை அந்த விதிக்கு முந்தியவை. அக்கா விதிக்குப் பயந்து திருப்பி வாங்கவில்லை, அடுத்த தீபாவளிக்கும் அவர்கள்தான் வாங்க வேண்டும் என்று வாங்கினார்.

போன வருஷம் அதே அக்கா, கொஞ்சம் சங்கடத்தோடு, "தம்பி, அக்கா மவன் ஏஐல படம் பண்ணிக் குடுத்துருக்கான். மாடலெல்லாம் கட்டியிருக்கற மாதிரியே வருது" என்று போனை நீட்டினார். எனக்குச் சோறு போகிற விஷயம், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. கோயில் மண்டபம், சாயங்கால வெயில், அழகான பெண். சேலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காஞ்சிபுரம் கோர்வைச் சேலை அது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு நிற ஊடையையும் மூன்று நாடா கொண்டு ஒவ்வொரு வரியிலும் கோர்த்து நெய்வார்கள். கோர்த்த இடத்தில் பல் பல்லாக ஒரு கோடு இருக்கும், பின்பக்கம் திருப்பினால் இன்னும் நன்றாகத் தெரியும். சேலை தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான், கோர்வைக்குத்தான் அந்த விலை. ஏஐ அந்தப் பல்லையெல்லாம் பிசிறு என்று நினைத்ததோ என்னவோ, வழவழவென்று ஒரே கோடாக இழைத்துவிட்டிருந்தது. கரையில் வரிசையாக இருந்த ருத்ராட்சம் பூசணி விதையாக மாறியிருந்தது. எந்தத் தறியிலும் நெய்யாத சேலை.

நானும் ஏஐ பயன்படுத்துகிறேன். பின்னணியில் ஒரு தூசி, தரையில் கேமரா கால் நிழல், ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் வெள்ளை வேண்டும் என்றால் நிமிஷத்தில் முடிகிறது, முன்பு ராத்திரி முழுக்க உட்காருவேன். பொருளின் விளிம்புக்கு வெளியே அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். விளிம்புக்கு உள்ளே விடமாட்டேன். அக்காவுக்கு ஒரு யோசனை சொன்னேன்: மண்டபத்துப் பெண் படம் ஸ்டேட்டஸ் போட வேண்டுமானால் இருக்கட்டும், அதற்குக் கீழே நான் எடுத்த மூன்று படம் கட்டாயம் போடுங்கள். கோர்வையின் முன்பக்கம், கோர்வையின் பின்பக்கம், முந்தி சேருகிற இடம். பின்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வார்த்தையில் ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "இது வேணும்." பெரும்பாலும் வயதானவர்கள்.

வேறொரு தலைவலி, படத் திருட்டு. அந்த ஜமக்காள மூலையைத் தூக்கிப் பிடித்த பெரியவரின் கையை, நரம்பு உட்பட, சம்பந்தமே இல்லாத ஒரு கடையின் பக்கத்தில் பார்த்தேன். விலை பாதி. வாங்கினவருக்குப் போயிருப்பது மெல்லிசு விரிப்பாகத்தான் இருக்கும். ஏமாந்த ஒருவர் எப்படியோ பேரனின் நம்பரைத் தேடிப் பிடித்து அவனைத் திட்டினார். யாருக்கு உரிமை, யார் புகார் செய்வது என்று அப்போதுதான் சட்டத்தைப் புரட்டினோம். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நான் இல்லை, பேரன். போட்டோகிராபர்களில் பலருக்கே இது தெரியாது. பில்லில் ஒரு வரி எழுதிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. புகார் கொடுத்தோம், படத்தை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வேறொரு பெயரில் அதே கை மறுபடி வந்தது.

எல்லாவற்றுக்கும் என்னைப் போல ஒருத்தனைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் வருகிற புதுச் சரக்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட உங்கள் போனே போதும். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம், எதிரில் ஒரு தெர்மாகோல், அறை லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், ஃப்ளாஷ் கூடாது. லென்ஸை வேட்டி முனையால் ஒருதரம் துடைத்துவிடுங்கள், பாதிப் பேர் படம் மங்கலாக இருப்பது விரல் எண்ணெயால்தான். வருஷம் முழுக்க விற்கப்போகிற பொருள், லேபிள், பெட்டி, கேட்லாக் இதற்கெல்லாம் மட்டும் செலவு செய்யுங்கள். சிவகாசிக்கு அச்சுக்குப் போகிற படம் என்றால் இன்னும் கவனம். ராணிக் கலரும் கிளிப்பச்சையும் திரையில் மின்னும் அளவுக்கு நாலு மை ஆஃப்செட்டில் வராது. முன்னமே சொல்லிவிட்டால் சண்டை மிச்சம். அப்புறம் ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: நான் கொடுக்கும் ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். மூன்று நாள் வேலையை அது மூன்று விநாடியில் பொடியாக அரைத்துவிடும்.

போன மாசம் அம்மா முதல்முறையாக ஆன்லைனில் சேலை பார்த்தார். என் தங்கை போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுத்த படம்தான், அக்காவின் பக்கம், நல்ல அரக்கு. நான் ஒன்றும் சொல்லாமல் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, போனைக் கையில் ஏந்திக்கொண்டு, நேரே வாசலுக்கு நடந்தார். வெயிலில் நீட்டிப் பிடித்தார்.

"ஒண்ணுமே தெரியலடா" என்றார் அங்கிருந்தே. "கறுப்பாப் போச்சு."

உள்ளே கூட்டிவந்து, திரையைத் தள்ளி, கோர்வையின் பின்பக்கப் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலையும் அதன்மேல் வைத்தார். பெரிதாக்க அல்ல, தேய்த்துப் பார்க்க. திரை தாண்டி அடுத்த சேலைக்கு ஓடிவிட்டது.